நீல அட்டையும் நியாயமும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், ஜார்ஜ்டவுனில் வாக்களித்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானது. பள்ளி வகுப்பறைக்குள் நுழைந்ததும் முதல் மேசையில் இருப்பவர் ஐ.சி. எனும் அடையாள அட்டையை வாங்கி, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். பட்டியலில் எண்ணைத் தேடி, பெயரை உரக்க வாசிக்கிறார். ஓரமாக அமர்ந்திருக்கும் வேட்பாளர்களின் முகவர்கள் தங்கள் தாளில் கோடு போட்டுக்கொள்கிறார்கள். அடுத்த மேசையில் விரலுக்கு மை, அதற்கடுத்ததில் வாக்குச்சீட்டு. வெயிலையும் நீண்ட வரிசையையும் குறை சொல்பவர் உண்டு. ஐ.சி.யைக் கேட்டார்களே என்று குறை சொல்பவரைக் காண்பது அரிது.

கடல் கடந்தால் இது பெரும் வழக்கு. படமுள்ள அட்டை இல்லாதவருக்கு வாக்கில்லை என்பது ஏழையையும் முதியவரையும் வடிகட்டும் வேலை என்கிறது ஒரு தரப்பு. ஆள்மாறாட்டத்தைத் தடுக்க வேறு வழி ஏது என்கிறது மறுதரப்பு. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் இத்தகைய சட்டத்தை 2008இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் சண்டை ஓயவில்லை. அங்கே சண்டையாக இருப்பது இங்கே ஏன் சடங்காக இருக்கிறது? அப்படியானால் நம் முறை நியாயமானதுதானா?

விடையின் முதல் பாதி வரலாற்றில் இருக்கிறது. மலாயாவில் அடையாள அட்டை தேர்தலுக்காகப் பிறந்ததல்ல. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஊர் மக்களிடமிருந்து பிரித்தறியப் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த ஏற்பாடு அது. பன்னிரண்டு வயதைக் கடந்த எல்லாரும் படமும் கைரேகையும் கொடுத்துப் பதிய வேண்டியிருந்தது. கெரில்லாக்கள் அந்த அட்டைகளைப் பறித்து அழித்ததும் உண்டு. 1951 டிசம்பரில் மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் ஜார்ஜ்டவுனில் நடந்தபோது அட்டைக்கு மூன்று வயது ஆகிவிட்டிருந்தது. காவலுக்கு வந்த அட்டை, காலப்போக்கில் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் சாவியாகிவிட்டது. 2001இல் சில்லு பொருத்திய மைகார்ட் ஆனது. இன்றும் அதைச் சட்டைப்பையில் வைத்திருப்பது சட்டப்படிக் கடமை.

ஆகவே வாக்குச்சாவடியில் அதைக் கேட்பது புதிதாக ஒரு சுமையை ஏற்றுவதில்லை. ஏற்கெனவே சுமப்பதைக் காட்டச் சொல்கிறது, அவ்வளவே. பிரிட்டனின் நிலை வேறு. அங்கே எல்லாருக்குமான தேசிய அட்டை கிடையாது. 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2023 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் இங்கிலாந்து முதன்முறையாகப் படமுள்ள சான்று கேட்டது. சாவடிவரை வந்து, சான்று இல்லாததால் வாக்களிக்காமலே போனவர்கள் ஏறத்தாழ 14,000 பேர் என்றது அந்நாட்டுத் தேர்தல் ஆணையம். வந்தவர்களில் அது 0.25 விழுக்காடுதான். ஆனால் வீட்டிலிருந்தே கிளம்பாதவர்களை அந்தக் கணக்கு பிடிக்காது. பந்திக்கு அழைத்துவிட்டு, இலையை நீயே கொண்டுவா என்பது போன்ற ஏற்பாடு அது.

இந்தியா இலையையும் தானே போட முயன்றது. 1993இல் தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன் வாக்காளர் படஅட்டைக்குப் பிடிவாதமாக நின்றார். அட்டை தராவிட்டால் தேர்தலே இல்லை என்று மாநிலங்களை மிரட்டும் அளவுக்குப் போனார். அவர் காலத்துக்குப் பின் வந்த ஏற்பாடுதான் கவனிக்கத்தக்கது. அந்த அட்டை இல்லாதவர் கடவுச்சீட்டையோ ஓட்டுநர் உரிமத்தையோ, படம் ஒட்டிய வங்கிப் புத்தகத்தையோ, நூறுநாள் வேலை அட்டையையோ காட்டலாம். கூலிக்குப் போகும் பெண்ணின் கையில் என்ன இருக்கும் என்று யோசித்துப் போட்ட பட்டியல் அது.

நம் முறையின் வலிமையை எடைபோடும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேர்தல் சீர்திருத்தம் கேட்டுத் தெருவில் இறங்கிய பெர்சே இயக்கம் ஐ.சி.யை எதிர்க்கவில்லை, ஐ.சி. போதாது, அழியாத மையும் வேண்டும் என்றது. 2008 பொதுத்தேர்தலுக்கென வாங்கிய மையை, வாக்களிப்புக்கு நான்கு நாள் முன்பு தேர்தல் ஆணையம் கைவிட்டது. 2013இல் மை வந்தது. கழுவினால் போகிறது என்ற புகாரும் கூடவே வந்தது. குடிமக்களே கூடுதல் சோதனை கேட்ட நாட்டில், அட்டை கேட்பதை அடக்குமுறை என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் கோரிக்கையே அட்டையின் பலவீனத்தையும் காட்டிக்கொடுக்கிறது. முகமும் படமும் ஒன்றா என்று மட்டுமே முதல் மேசை பார்க்கிறது. அந்த அட்டை எப்படி வழங்கப்பட்டது என்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. சபாவில் தகுதியற்ற வெளிநாட்டினர் கைக்குக் குடிமக்களுக்கான நீல அட்டைகள் போனதாக எழுந்த குற்றச்சாட்டை விசாரிக்க 2012இல் அரச விசாரணை ஆணையமே அமைக்க வேண்டிவந்தது. வாசலில் எத்தனை காவல் போட்டாலும், அட்டை அச்சாகும் இடம் ஓட்டையானால் பயனில்லை.

முகவரி அடுத்த குறை. 2019இல் நாடாளுமன்றம் ஏற்ற அரசியலமைப்புத் திருத்தம் 2021 டிசம்பர் 15இல் நடப்புக்கு வந்தது. அதன்படி, பதினெட்டு வயதானவர் தானாகவே வாக்காளர் ஆகிறார். அட்டையே பட்டியலை எழுதுவது பெரிய முன்னேற்றம். ஆனால் அட்டையில் உள்ள முகவரி பழையதாக இருந்தால் வாக்கும் பழைய ஊரிலேயே தங்கிவிடுகிறது. கோலாலம்பூரில் வேலை செய்யும் பினாங்குப் பிள்ளை பேருந்துக் கட்டணமும் விடுப்பும் செலவழித்துத்தான் வாக்களிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் செலவோடு ஒப்பிட்டால் மைகார்டைக் காட்டுவது ஒரு சுமையே அல்ல.

எல்லாவற்றிலும் பெரிய குறை, சாவடிக்கே வராதவர்களிடம் இருக்கிறது. குடிமகனுக்கு நீல அட்டை, நிரந்தரவாசிக்குச் சிவப்பு, தற்காலிகவாசிக்குப் பச்சை. இந்த மண்ணில் பிறந்து, பால்மரம் வெட்டி, பேரப்பிள்ளை கண்டும் சிவப்பு ஐ.சி.யோடு முதுமையைக் கழிக்கும் தமிழர்கள் உண்டு. எந்த அட்டையுமே இல்லாத இளைஞர்களும் உண்டு. பத்திரங்களைப் பாதுகாக்கும் வழக்கமில்லாத தோட்ட வாழ்க்கையும், பதியாமல் விட்ட பிறப்பும் ஒரு காரணம். அதைவிட அதிகம் பேசப்படாதது திருமணப் பதிவு. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணம் சட்டப்படிப் பதிவானால்தான் செல்லும். கோயிலில் ஊரைக் கூட்டித் தாலி கட்டியிருந்தாலும், பதிவில்லை என்றால் பிள்ளை திருமணத்துக்கு வெளியே பிறந்ததாகவே கணக்கு. அப்படிப் பிறந்த பிள்ளைக்குத் தாயின் நிலைதான் அளவுகோல். தாய் குடிமகளும் அல்ல, நிரந்தரவாசியும் அல்ல என்றால், தகப்பன் குடிமகனாக இருந்தும் பிள்ளை அந்தரத்தில் நிற்கிறது. அந்தப் பிள்ளையைச் சாவடி அதிகாரி திருப்பி அனுப்பவில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பதிவு முகப்பு அனுப்பிவிட்டது.

இலங்கையின் மலையகம் இதற்குச் சொந்தச் சகோதரி. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. பின்னாளில் குடியுரிமை திரும்பி, வாக்களிக்க அடையாள ஆவணமும் கட்டாயமானபோது, பிறப்புச் சான்றிதழே இல்லாத, தோட்ட லயன் வீடுகளில் வாழ்ந்த மக்கள் பலர் தேசிய அடையாள அட்டை பெற முடியாமல் தவித்தார்கள். உரிமை காகிதத்தில் வந்துவிட்டது. காகிதம்தான் கைக்கு வரவில்லை.

எனவே என் தீர்ப்பு இரண்டு பகுதியாகத்தான் இருக்க முடியும். மைகார்ட் வைத்திருப்பவரிடம் அதைக் கேட்பது நியாயமான சுமை. ஆனால் நாட்டின் மீது சுமத்த வேண்டிய கடமையை அது மறைக்குமானால், அந்த நியாயம் அரைகுறை. அட்டையைத் தொலைத்தவர் முதல் முறையே அபராதம் கட்ட வேண்டிய விதியைத் தேர்தல் காலத்திலாவது தளர்த்த வேண்டும். மைகார்ட் இல்லாதவர் வேறு எதைக் காட்டலாம் என்பதைத் தேர்தல் ஆணையம் தமிழிலும் சீனத்திலும் வீட்டுக்கு வீடு சொல்ல வேண்டும். தேசியப் பதிவிலாகாவின் நடமாடும் முகப்பு முதியோர் இல்லங்களுக்கும் பழைய தோட்டக் குடியிருப்புகளுக்கும் போக வேண்டும். சிவப்பு அட்டை முதியவர்களின் விண்ணப்பங்களுக்குக் காலக்கெடுவோடு பதில் தர வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அடுத்த முறை பினாங்குக் கோயில் மண்டபம் எதிலாவது கல்யாணச் சாப்பாடு சாப்பிட உட்காரும்போது, மணமக்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பதிவு முடிந்துவிட்டதா? இன்னும் பிறக்காத ஒரு வாக்காளருக்காக இன்றே கேட்க வேண்டிய கேள்வி அது.