48 இலக்கம் கேட்கும் திரை

2024 ஜூலை 9 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் புதுப்பிப்பை ஏற்ற மடிக்கணினிகளுள் சில, மீண்டும் இயக்கியபோது 'பிட்லாக்கர்' என்னும் நீலத் திரையோடு நின்றுவிட்டன. 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்டது அத்திரை. வாசகரே, அதைச் சற்று மதிப்பிட்டுப் பார்ப்போமா?

முதலில் நிறை. அந்த 48 இலக்கங்கள் ஆறாறாக எட்டுத் தொகுதிகள். ஒவ்வொன்றும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். 123453 வகுபடும், அதில் ஏதேனும் ஓர் இலக்கத்தை மாற்றுங்கள், வகுபடாது. ஆகவே பிழையாக அடித்த தொகுதி அங்கேயே பிடிபடும். பள்ளிக் கணக்குக்கு எவ்வளவு அழகான பயன்!

குறை திரையின் மொழியில் உள்ளது. கணினியிலுள்ள டி.பி.எம். என்னும் சில்லு, தொடக்க நிரல்களை ஒவ்வொரு முறையும் அளக்கிறது. பழைய அளவோடு ஒத்தால்தான் வட்டின் பூட்டைத் திறக்க விடும். அளவு மாறியது கள்வனாலா, புதுப்பிப்பாலா என்பது அதற்குத் தெரியாது. அது போகட்டும். 'உங்கள் கோப்புகள் அழியவில்லை' என்று ஒரு வரி எழுதுவதில் என்ன சிரமம்? அந்த வரி இல்லாமையால் பதறிக் கடையில் கொடுத்து 'ஃபார்மேட்' செய்தால், அழியாதிருந்தவை அப்போதுதான் அழியும்! ஊகித்தும் திறக்க இயலாது. வாய்ப்புகள் ஏறத்தாழ 34-க்குப் பின் 37 சுழிகள்.

ஆகஸ்ட் 13 புதுப்பிப்பில் அக்கோளாறு நீக்கப்பட்டது. ஆயினும் இத்திரை வேறு காரணங்களாலும் வரக்கூடும். வந்தால், அதிலுள்ள திறவுகோல் அடையாளத்தின் முதல் 8 எழுத்துகளைக் குறித்துக்கொண்டு, கைபேசி வழியே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஒப்பிடுங்கள். இன்றே தாளில் எழுதி வைத்தால் இன்னும் நல்லது. மடிக்கணினிப் பைக்குள் மட்டும் வேண்டாம்.