உடுவிற் பெண்பாடசாலையும் ஒரு சரித நூலும்

அமெரிக்காவிலே கனெற்றிக்கற் மாகாணத்து நோர்விச் என்னும் ஊரில் 1796 இற் பிறந்த ஹரியற் வின்சுலோ அம்மையார், 1819 இற் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து, 1824 இல் உடுவிலிலே பெண்களுக்கென ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடக்கினார். 1833 இல், முப்பத்தாறு வயதில், இம்மண்ணிலேயே மறைந்தார். அவர்தம் கடிதங்களையும் நாட்குறிப்புக்களையும் தொகுத்து, இடையிடையே தம் உரையையும் கூட்டி, கணவர் மைரன் வின்சுலோ 1835 இல் ஒரு சரித நூலை வெளியிட்டார். 1862 இல் 67,000 இற்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ் - ஆங்கில அகராதியைச் சென்னையில் வெளியிட்ட வின்சுலோ இவரே. கணவரின் அகராதியைத் தமிழ் மாணவர் அறிவர். மனைவியாரின் சரிதத்தைப் புரட்டுவோர் மிகச் சிலர்.

இந்நூலை மதிப்பிடப் புகுவார் முதலில் நோக்கவேண்டுவது, அது யாருக்காக எழுதப்பட்டது என்பதாகும். உடுவிலார் படிப்பதற்கன்று, கடலுக்கப்பால் இருந்து பணம் அனுப்பிய சபையார் படிப்பதற்கே அது எழுதப்பட்டது. ஆதலின் பிள்ளைகள் மீட்கப்படவேண்டிய ஆன்மாக்களாகவும், பெற்றோர் இருளில் உழல்வோராகவுமே பெரும்பாலும் காட்சியளிக்கின்றனர். அக்காலத்து மிசனரி இலக்கியம் முழுவதற்கும் பொதுவான குறை இது. அம்மையார் ஒருவர்மேல் மட்டும் இதனைச் சுமத்துதல் நீதியன்று.

உடுவிற் பாடசாலையின் தோற்றம்பற்றி மிசனார் வழிவழியாகச் சொல்லிவரும் கதையொன்றுண்டு. மழையில் அகப்பட்டு அம்மையார் வீட்டில் ஒதுங்கிய இரு சிறுமியர் பசிகொண்டனர். அங்கே கொடுத்த உணவை ஒருத்தி உண்டாள். பெண்பிள்ளைகள் அவ்வீட்டிற் தங்கிக் கற்பதற்கு அதுவே வழிதிறந்தது என்பர். கதை சொல்வார் இதிலே தெய்வச் செயலைக் காண்கின்றனர். யாழ்ப்பாணத்தார் ஒருவர் படிப்பின் வேறொன்றைக் காண்பார். அந்நிய வீட்டில் உண்ட பெண்ணை ஊரார் எங்ஙனம் நோக்குவர், நாளை அவளை யார் கொள்வார் என்ற அச்சம் பெற்றோர் மனத்தை எவ்வளவு வருத்தியிருக்கும்! அதுபற்றிக் கதை வாய்திறப்பதில்லை. வசதி படைத்த குடும்பங்கள் தம் பெண்களைத் தொடக்கத்தில் அனுப்பவில்லை. அனுப்பியோர் பெரும்பாலும் வறியோர். உணவும் உடையும் இலவசம். கற்று முடித்தாளுக்கு மணக்காலத்தில் ஒரு சிறு சீதனமும் மிசனார் கொடுத்தனர். சீதனமின்றி ஒரு பெண்ணைக் கரையேற்ற இயலாத நாட்டில் அக்கொடையின் வலிமையைச் சொல்லவேண்டுவதில்லை. அது கொடையோ விலையோ என்ற ஐயம் எழுதல் இயல்பு. மிசனாரே பின்னர் அவ்வழக்கத்தைக் கைவிட்டனர்.

இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது பெயரிடும் வழக்கம். அமெரிக்காவில் ஒருவர் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை கொடுத்து ஒரு பிள்ளையைத் தாங்க முன்வரின், அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டும் உரிமை அவருக்குண்டு. பெற்றோர் இட்ட பெயர் வீட்டு வாயிலோடு நின்றுவிடும். 1857 இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான விசுவநாதபிள்ளை 'கறல்' ஆனதும், 1886 இற் பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்ட சதாசிவம்பிள்ளை 'ஆர்னல்ட்' ஆனதும் இவ்வழக்கத்தாலேயே. நூலெழுதிப் புகழ் பெற்ற ஆடவர், தந்த பெயரோடு தம் தமிழ்ப் பெயரையும் நிலைநிறுத்திக் கொண்டனர். உடுவிற் சிறுமியருக்கு அவ்வாய்ப்பு ஏது? பசித்த பிள்ளைக்குச் சோறிட்டது அறம். அதற்கு ஈடாக அதன் பெயரைக் கொண்டது அறமாகுமா என்பதை அக்காலத்தார் எண்ணியதாகத் தோன்றவில்லை.

இவ்வளவும் சொல்லியபின்னும் தொண்டு தொண்டே. அம்மையார் தொடங்கிய பணியைப் பின்னர் ஏற்ற எலிசா அக்னியூ அம்மையார் 1840 இல் வந்து, 1879 வரை உழைத்து, ஒரு தலைமுறையன்று, மூன்று தலைமுறைப் பெண்களுக்குக் கற்பித்தார். ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பாமல் 1883 இல் மானிப்பாயில் மறைந்தார். இத்தகைய உறுதியை மதமாற்ற நோக்கம் என்ற ஒரு சொல்லால் அளந்துவிட முடியாது.

மிசன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, அதன் முறையை உள்ளிருந்து கண்டவர் ஆறுமுக நாவலர். 1848 இல் வண்ணார்பண்ணையில் அவர் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை, பிள்ளையின் பெயரையும் சமயத்தையும் விலையாகக் கேளாது கல்வி கொடுக்கலாம் என்பதற்குச் சான்று. ஆனால் சைவர் இங்கே பெருமிதத்தோடு நின்றுவிடல் ஆகாது. உடுவிற் பாடசாலைக்குச் சிறிது தூரத்தில், மருதனார்மடத்தில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்களுக்காக விடுதியோடு கூடிய கல்லூரியை நிறுவியது 1913 இல். இடைப்பட்ட ஆண்டுகள் எண்பத்தொன்பது! தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகள் நிலைமை இதனினும் வருந்தத்தக்கது. 1930 ஐ ஒட்டிய காலத்தில் அவர்களுக்குச் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்ற விதி வந்தபோது எழுந்த எதிர்ப்பு, மிசனாரைக் குறைகூறுவார் மறக்கக்கூடாத செய்தி. பிறர் கொடுத்த சோற்றிற் குற்றங் காண்பது எளிது. பசித்திருந்தவள் அயல்வீட்டுப் பிள்ளை என்பதை ஒப்புக்கொள்வது அத்துணை எளிதன்று.

சரிதத்தை மூடுமுன் அதனோடு சேர்த்து எண்ணவேண்டிய இன்னொரு செய்தி உண்டு. புறச்சமயச் சூழலில் வளர்ந்தாற் கெடுவர் என்று அஞ்சி, மிசனரிமார் தம் பிள்ளைகளைக் கல்விக்காக அமெரிக்காவுக்கு அனுப்புதல் வழக்கம். வின்சுலோ அம்மையாரின் மகன் சார்ல்சும் அங்ஙனமே அனுப்பப்பட்டான். 1832 இற் சிறுவனாகவே அங்கு இறந்தான். உங்கள் மகளை எம்மிடம் விடுங்கள் என்று உடுவிற் தாய்மாரை வேண்டிய கையே தன் மகனையும் அந்நியர் கையில் ஒப்படைத்தது. பிள்ளையைப் பிரிந்த தாயின் துயரை அவ்வூர்ப் பெண்களுக்கு ஒப்ப அறிந்த பாதிரியார் மனைவி அவர். அடுத்த ஆண்டு ஜனவரி மாதத்தில் அம்மையாரும் கண்மூடினார்.