பத்தரை நிமிடத்தின் மீதான பக்தி

ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குப் போகவிருக்கும் பிள்ளைகளைத் தினமும் விடியற்காலையில் 2.4 கிலோமீட்டர் முழுமூச்சாக ஓடவிட்டு, ஸ்டாப்வாட்ச் காட்டும் எண்ணைப் படமெடுத்துப் போடுவது பயிற்சி மையங்களில் வாடிக்கையாகிவிட்டது. 'எதில் சோதிப்பார்களோ அதையே தினமும் செய்' என்பது அவர்கள் சொல்லும் நியாயம். மாதிரித் தேர்வு எழுதியே வளர்ந்த மாநிலம் இது. காலுக்கும் மாதிரித் தேர்வு வைத்தால் என்ன என்று தோன்றுவதில் வியப்பில்லை.

அந்த ஓட்டத்தின் மீது எனக்குப் புகார் இல்லை. ஆண்களுக்கு 10 நிமிடம் 30 விநாடி, பெண்களுக்கு 13 நிமிடம். 400 மீட்டர் தடத்தில் ஆறு சுற்று. ஆண்கள் ஒவ்வொரு சுற்றையும் 105 விநாடியில் முடிக்க வேண்டும். சிபாரிசு செல்லாது, கருவி வேண்டாம், ஊர்க் கோடியில் ஒரு செம்மண் தரை போதும். அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் பரவலாக்கிய 12 நிமிட ஓட்டத்துக்கு இது நெருங்கிய சொந்தம். அவருடைய ஒன்றரை மைல்தான் நம்முடைய 2.4. இதயமும் நுரையீரலும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை இவ்வளவு மலிவாகச் சொல்லும் சோதனை வேறு எனக்குத் தெரியாது. அவ்வப்போது நேரம் வைத்து ஓடினால் முதல் சுற்றிலேயே மூச்சைக் கொட்டிவிடாத நிதானம் வரும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை போதாதா? தினமும் எதற்கு?

இந்தத் தினசரி ஓட்ட முறை ஜவான் ஆள்சேர்ப்பு மைதானத்திலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு வரப்பட்டது. அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் ஓட்டத்துக்கு முழு மதிப்பெண். அந்த ஒரு காலைப்பொழுதுதான் அங்கே வாசல். கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தாலும் பாதகமில்லை. அதிகாரித் தேர்வின் அமைப்பே வேறு. அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்காணலின் ஐந்து நாளில் நேரம் குறித்த ஓட்டம் எதுவும் கிடையாது. மருத்துவப் பரிசோதனை, தகுதிப் பட்டியல், சேரும் கடிதம் என்று எல்லாம் முடிந்து சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குள் போன பிறகுதான் அந்தப் பத்தரை நிமிடம் உண்மையான நெருக்கடியாகிறது. ஓடி முடித்த மறுநாளும் அதே கால்தான் வேலைக்கு வர வேண்டும். குதிகாலை ஓங்கி மிதிக்கும் ட்ரில், துப்பாக்கியும் மூட்டையும் சுமந்த 5 கிலோமீட்டர், கயிறு, இரவு நடை என்று ஏறத்தாழ ஓராண்டு அதற்கு ஓய்வில்லை. எல்லைக்கோட்டுக்காகத் தயாரித்த காலை அங்கே கொண்டுபோய் என்ன செய்வது?

மையங்கள் பேசாத விஷயம் எலும்பு. புதிதாக ஓடத் தொடங்கும் இருபது வயதுக்காரனுக்கு மூச்சு சில வாரங்களிலேயே வசப்பட்டுவிடும். தசையும் சீக்கிரம் தேறும். எலும்பு அந்த அவசரத்துக்கு வராது. புதிய சுமை விழும்போது அது முதலில் பழைய திசுவைக் கரைக்கிறது, பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. கரைத்தல் முடிந்து கட்டுதல் முடியாத இடைப்பட்ட காலத்தில் அது முன்பைவிட வலுக்குறைந்து நிற்கும். முழுச் சுற்றும் முடிய மாதக்கணக்காகும். தளம் இறுகுமுன் முட்டுக்கால்களை உருவினால் என்ன ஆகுமோ, நேரம் மளமளவென்று குறைவதைப் பார்த்து வேகத்தை இன்னும் கூட்டும்போதும் அதுதான் ஆகிறது. முழங்காலுக்குக் கீழே முன்புற எலும்பில் முதலில் ஓர் எரிச்சல், பிறகு விரல் வைத்தால் துள்ளவைக்கும் ஒரே ஒரு புள்ளி, கடைசியில் மயிரிழை விரிசல். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாது. ஓடுகிற பையன் இளமையாய், மூச்சு வாங்காமல் இருப்பதால் யாரும் நம்புவதுமில்லை.

படைகளுக்கு இது புதிய செய்தியா? பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைத்தாவுப்ட் சிப்பாய்களின் வீங்கிய பாதங்களைப் பற்றி எழுதியது 1855-இல். அது எலும்பு முறிவு என்பது எக்ஸ்ரே வந்த பிறகு தெரிந்தது. அமெரிக்க மரைன் பயிற்சியில் ஓட்டத் தூரத்தைக் குறைத்துப் பார்த்தபோது விரிசல்கள் குறைந்தன. ஓட்ட நேரம் குறிப்பிடும்படி கெடவில்லை. பெண்களுக்கு இந்த ஆபத்து ஆண்களைவிடக் கூடுதல் என்பதும் ராணுவ மருத்துவம் அறிந்ததே. ஆனால் இங்கே 13 நிமிடம் போதும் என்றிருக்கும் பெண்ணையும் பையன்களின் கூட்டத்தோடு சேர்த்துப் பத்தரையைத் துரத்தவிடுகிறார்கள். அதை உற்சாகம் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

வேகத்துக்காகவாவது இந்த முறை சரிதானா என்றால் அதுவும் இல்லை. பத்து நிமிடம் நீளும் ஓட்டத்துக்கான சக்தியில் மிகப்பெரும் பங்கு பிராணவாயுவைக் கொண்டே கிடைக்கிறது. அந்தத் திறனை வளர்ப்பது பக்கத்தில் வருபவனோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான நீண்ட ஓட்டம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம் வென்ற நியூசிலாந்தின் பீட்டர் ஸ்னெல், ஆர்தர் லிடியார்டின் பயிற்சியில் வாரத்துக்கு 160 கிலோமீட்டர் அளவுக்கு ஓடி அடித்தளம் போட்டவர். இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற பந்தயத்துக்கே அவ்வளவு பொறுமை! நம் மைதானங்களில் மெதுவாக ஓடுபவனைப் பார்த்து, 'என்ன தம்பி, வாக்கிங்கா?' என்று கேட்கிறார்கள். நிதானமான ஓட்டத்தைப் படமெடுத்துப் போட்டால் யார் பார்ப்பார்கள் என்பதைத் தவிர இந்தக் கேலிக்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

வலிக்கிறது என்று சொல்பவனுக்குக் கிடைக்கும் மருத்துவமும் இதே பாணிதான். ஸ்ப்ரே அடி, கட்டுப் போடு, ஓடு. வலியைப் பொறுப்பதே அதிகாரிக்கு அழகு என்று ஒரு சொற்பொழிவு வேறு. அப்படிப் பொறுத்துக்கொண்டு போனவன் அகாடமியில் சில வாரங்களில் நொண்டத் தொடங்கினால், வகுப்புகள் தவறி, அடுத்த கோர்ஸுக்குப் பின்தள்ளப்படலாம். அதைவிட மோசமாகவும் முடியலாம். பயிற்சியின்போது ஊனமடைந்து மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்ட கேடட்களின் நிலையை உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. கமிஷன் பெறுமுன் வெளியேறியதால் அவர்களுக்கு முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதிகூட இல்லை. அந்த விபத்துகளுக்கெல்லாம் ஊர் மைதானத்தைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஏற்கெனவே விரிசல் தொடங்கிய காலோடு ஒருவனை அந்த இடத்துக்கு வழியனுப்புவது எந்தக் கணக்கில் தயாரிப்பு?

மையங்களின் வாசலில் தொங்கும் ஃபிளெக்ஸ்களில் எஸ்.எஸ்.பி. தேறியவர்களின் படம் இருக்கிறது, கீழே ஓட்ட நேரமும் இருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் அணிவகுத்து வெளியே வந்து தோளில் நட்சத்திரம் குத்திக்கொண்டார்கள் என்ற எண்ணை நான் பார்த்த எந்த ஃபிளெக்ஸிலும் காணவில்லை.