மூன்று விரல் அகலத்தில் ஒரு சிங்கம்

தீப்பெட்டிப் படம் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் நீளம், மூன்றரை சென்டிமீட்டர் அகலம். அந்த இடத்துக்குள் ஒரு சிங்கம் நிற்க வேண்டும். அதன் தலைக்கு மேல் மார்க்கின் பெயர் வளைந்து ஓட வேண்டும். காலடியில் 'சேஃப்டி மேட்சஸ்', 'மேட் இன் இந்தியா', குச்சிகளின் எண்ணிக்கை, சிவகாசி அல்லது சாத்தூர் என்று ஊர்ப்பெயர். இத்தனையும் போக மிஞ்சுகிற இடத்தில்தான் ஓவியருக்கு வேலை. எழுத்துக் கூட்டத் தெரியாதவர் பெட்டிக்கடை முன்னால் நின்று, "சிங்கம் மார்க் ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கும்படி அந்தச் சிங்கம் தெளிவாகத் தெரிய வேண்டும். காலண்டர் படங்களையும் சினிமா பேனர்களையும் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். அவற்றுக்குச் சற்றும் குறையாத இந்தச் சின்னக் கலையை முதலில் ரசித்தவர்கள் அரைக்கால் சட்டைப் பையன்கள். செங்கல்பட்டில் அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

அமெரிக்கப் பையன்களுக்கு இதே வயதில் பேஸ்பால் அட்டைகள் இருந்தன. 1880களில் சிகரெட் பாக்கெட் நசுங்காமலிருக்க உள்ளே வைத்த கெட்டி அட்டையில் ஆட்டக்காரர்களின் படத்தை அச்சடித்தார்கள். பிறகு அது பபிள்கம்மோடு வந்தது. 1952இல் டாப்ஸ் கம்பெனி வெளியிட்ட, மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரரின் அட்டை ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த அட்டைகள் சேர்க்கச் சொல்லியே அச்சிடப்பட்டவை. பின்பக்கம் ஆட்டக்காரரின் ஆட்டப் புள்ளிவிவரம் இருக்கும். எது அரிது என்பதையும் கம்பெனிதான் தீர்மானித்தது. தீப்பெட்டிப் படத்தை யாரும் சேகரிப்பதற்காக அச்சடிக்கவில்லை. குச்சி தீர்ந்ததும் அதன் கதை முடிந்தது. அதனால் எது அழகு, எது அரிது, எதற்கு என்ன மதிப்பு என்பதையெல்லாம் நாங்களே பார்த்துப் பார்த்து முடிவு செய்தோம். ரசனையின் முதல் பாடம் அதுதான்.

செங்கல்பட்டு அதற்குத் தோதான ஊர். கொளவாய் ஏரிக்கரையை ஒட்டியே ஜங்ஷன். தெற்கேயிருந்து எழும்பூர் போகும் வண்டிகள் வந்து நிற்கும். காஞ்சிபுரம், அரக்கோணம் பக்கம் பிரியும் தடமும் உண்டு. ரயிலில் புகைபிடிக்கத் தடையில்லாத காலம். எங்கள் ஊர்க் கடைகளில் கண்ணிலேயே படாத மார்க்குகள் காலிப் பெட்டிகளாகப் பிளாட்பாரத்தில் விழுந்து கிடக்கும். ஊர்க்கடைப் படம் ஐந்து, ரயிலில் வந்த படம் நூறு, வெளிநாட்டுப் படம் ஆயிரம் என்பது தெருவில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விலை. பெட்டியின் மேல்பக்கத்தை மரச்சில்லோடு பிய்த்தவர்கள் வட்டம் போட்டு அடுக்கி, கல்லெறிந்து ஜெயிக்கிற ஆட்டத்துக்குப் போனார்கள். படத்தை மட்டும் உரித்தவர்கள் சேகரிப்பாளர்கள் ஆனார்கள்.

உரிப்பது பொறுமையான வேலை. அன்றைய பெட்டி மெல்லிய மரச்சில்லை மடித்து, நீலத்தாள் சுற்றி, அதன்மேல் படம் ஒட்டியது. வெந்நீரில் போட்டால் மை கலங்கும். குளிர்ந்த நீரில் மிதக்கவிட வேண்டும். பசை இளகியதும் ஓரம் தானாகத் தூக்கிக்கொடுக்கும். அப்போது இழுக்கக் கூடாது. நீலத்தாளைத்தான் கீழ்ப்பக்கமாக நழுவவிட வேண்டும். உரித்ததை முகம் மேலே இருக்கும்படி செய்தித்தாளில் பரப்பி நிழலில் உலர்த்தி, கனமான புத்தகத்துக்கு அடியில் ஓர் இரவு வைத்தால் இஸ்திரி போட்டதுபோல் நிமிர்ந்துவிடும். பத்துப் பதினைந்து பெட்டிகளைச் சேர்த்துக் கட்டிய பொட்டலத்தின் மேலும் அதே படம் பெரிதாக ஒட்டியிருக்கும். அதைக் கேட்டால் கடைக்கார அண்ணாச்சி, "கட்டு பிரிக்கும்போது வா தம்பி, தர்றேன்" என்பார். தந்தும் விடுவார்.

பெரிய படத்தையும் சின்னப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் ஓவியரின் கைத்திறம் புரிந்தது. சிறிதாகும்போது எதை விடலாம், எதை விடவே கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சிங்கத்தின் பிடரியில் ஐம்பது மயிர்க்கோடு இருந்த இடத்தில் ஆறு கோடு. ஆனால் வாலின் வளைவு அப்படியே இருக்கும். வண்ணமும் மூன்றோ நான்கோதான்: மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு. ஒன்றன்மேல் ஒன்றாக அச்சேறும்போது ரிஜிஸ்டர், அதாவது நிறங்களின் பொருத்தம், ஒரு மயிரிழை விலகினால், கிளியின் சிவப்பு மூக்கு மூக்கைவிட்டுத் தள்ளி நிற்கும். அப்படி விலகிய படங்களை நாங்கள் தனியாக எடுத்து வைத்தோம். அந்தப் பிசகில்தான் நிறங்கள் தனித்தனியாக ஏறுகின்றன என்ற அச்சுத்தொழில் ரகசியமே எங்களுக்கு விளங்கியது.

போலிகளும் கண்ணைக் கூராக்கின. புள்ளிப் புலியோடு மனிதன் மல்லுக்கட்டும் 'சீட்டா ஃபைட்' நன்றாக விற்ற மார்க். அதைப் பார்த்து, பெயரில் ஓரிரு எழுத்தை மாற்றி, அதே மஞ்சளில், அதே வளைவில் வேறு மார்க்குகள் கிளம்பின. புலி எந்தப் பக்கம் பாய்கிறது, ஆளின் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தே அசலையும் நகலையும் பிரித்துச் சொல்லும் பையன்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள்.

இந்தப் படங்களுக்குப் பின்னால் பெரிய வரலாறு உண்டு. ஒரு காலத்தில் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தீப்பெட்டி இறக்குமதியானது. இங்கே விற்பதற்காக அவர்களே நம் சாமி படங்களை அச்சடித்து அனுப்பினார்கள். 1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, தங்கள் ஊரில் அதை வேரூன்றச் செய்தார்கள். 1923இல் ஸ்வீடன் முதலீட்டில் விம்கோ தீப்பெட்டிக் கம்பெனி தொடங்கியது. வடசென்னையில் விம்கோ நகர் என்ற பெயர் அதன் ஆலையால் வந்தது. விம்கோவின் கப்பல் மார்க் பல ஆண்டுகள் ஓடிக்கொண்டிருக்க, சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துச் சின்ன முதலாளிகள் ஆளுக்கொரு மார்க் வைத்தார்கள். தாமரை, சாவி, மணி, இரட்டைப் புறா, கத்தரிக்கோல் என்று கண்ணில் பட்டதெல்லாம் படமானது. நம்முடைய சேகரிப்பு இத்தனை வளமானதற்கு அந்தச் சிறுதொழில்தான் காரணம்.

ஆயிரம் மதிப்புள்ள படங்களுக்கு மாமல்லபுரம் போக வேண்டும். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். சித்தப்பா அங்கே சிற்பப் பட்டறையில் கல் அடித்தார். ஒத்தவாடைத் தெருவிலும் கடற்கரையிலும் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பெட்டிகளை எனக்காகச் சேர்த்து வைப்பார். அப்படித்தான் ஸ்வீடனின் 'சோல்ஸ்டிக்கன்' கைக்கு வந்தது: சூரியக் கதிர்களுக்கு முன்னால் நடக்கிற ஒரு குழந்தை, 1936இல் ஐனார் நெர்மன் வரைந்தது. சித்தப்பா அதையும் எங்கள் சிங்கத்தையும் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டுலயும் வெளிக்கோடுதான்டா பேசுது. போய் அந்தப் பூனையப் பாரு" என்றார். அர்ச்சுனன் தபசுப் பாறைச் சிற்பத்தில் யானைகளுக்குக் கீழே இரு கைகளையும் தூக்கித் தவம் செய்கிற பூனை. அதன் முகம் கண்ணுக்குத் தெரியும் முன்பே, அந்தத் தூக்கிய கைகளாலேயே வேடிக்கை விளங்கிவிடுகிறது. ஏறக்குறைய முப்பது மீட்டர் அகலப் பாறையில் பல்லவச் சிற்பி செய்ததும், மூன்று விரல் அகலத்தில் சிவகாசி ஓவியர் செய்ததும் ஒரே காரியம். உருவத்தின் எல்லைக்கோடே கதை சொல்லிவிட வேண்டும்.

சோல்ஸ்டிக்கன் பெட்டி விற்ற பணத்தில் ஒரு பகுதி ஸ்வீடனில் குழந்தைகள், முதியோர் நலனுக்குப் போகிறது. எங்கள் படங்களின் கதை வேறு. நான் பத்திரமாக உரித்தெடுத்த படங்களில் பலவற்றை ஒட்டியது என் வயதுக் குழந்தையின் கைதான். பள்ளிக்குப் போக வேண்டிய விரல்கள் பசையில் கிடந்தன. 1986ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. படங்களின் அழகைப் பேசுகிறவர் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

மரச்சில்லுப் பெட்டி போய் அட்டைப் பெட்டி வந்துவிட்டது. படம் இப்போது அட்டையிலேயே அச்சாகிறது. ஊறவைத்தால் கூழாகிவிடும், கத்தரித்துத்தான் எடுக்க வேண்டும். 2007 முதல் ஒரு ரூபாயாக இருந்த பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனது. ஆனாலும் மார்க்குகள் குறையவில்லை. புதிய சிங்கங்கள், புதிய மயில்கள், புதிய போலிகள் வந்துகொண்டேயிருக்கின்றன. உங்கள் வீட்டில் அகல்விளக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியை எடுத்துக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். அந்தத் தூரத்திலும் உருவம் துலங்கினால் அதை வரைந்தவர் தேர்ந்த கைக்காரர். குச்சி தீர்ந்ததும் அதைக் கத்தரித்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். இரண்டு ரூபாயில் இதைவிட நல்ல ஓவியப் பாடம் கிடைக்காது.