டாட்ஜர்ஸின் பணமும் பிட்ஸ்பர்கின் சிக்கனமும்

அமெரிக்காவின் நான்கு பெரிய லீக்குகளில் சம்பள உச்சவரம்பு இல்லாதது பேஸ்பாலில் மட்டும்தான். 2024, 2025 இரண்டு ஆண்டும் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் உலகத் தொடரை வென்றபின், வரம்பு வேண்டும் என்ற குரல் ஓங்கிவிட்டது. வீரர் சங்கத்துடனான ஒப்பந்தம் 2026 டிசம்பரில் முடிவதால், பேச்சுவார்த்தையில் இதுவே முதல் பிரச்சினையாக இருக்கும்.

வரம்பு கேட்பவர்களின் ஆதங்கம் நியாயமானது. நட்சத்திர வீரர் ஷோஹெய் ஒட்டானிக்கு டாட்ஜர்ஸ் பேசிய தொகை 10 ஆண்டுக்கு 70 கோடி டாலர். அதில் 68 கோடியை 2034 முதல் தருவார்கள். ஆடும் காலத்தில் ஆண்டுக்கு வெறும் 20 லட்சம். இப்படித் தள்ளிப்போட்டதால், சம்பளச் செலவு ஓர் அளவைத் தாண்டினால் அணி கட்டும் சொகுசு வரியின் கணக்கில் அவர் சம்பளம் ஆண்டுக்கு 7 கோடியிலிருந்து சுமார் 4.6 கோடியாகச் சுருங்குகிறது. அப்படியும் 2024இல் அந்த அணி 10 கோடிக்கு மேல் வரி கட்டியது, அசரவில்லை. உள்ளூர்த் தொலைக்காட்சி உரிமையை 25 ஆண்டுக்கு 800 கோடிக்கு மேல் விற்ற அணிக்கு அது சுமையே இல்லை. அமெரிக்கக் கால்பந்திலோ நாடு முழுவதுக்கும் சேர்த்து விற்ற ஒளிபரப்புப் பணத்தை 32 அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. கிரீன் பே போன்ற சிறு நகரத்தின் அணி அங்கே நிமிர்ந்து நிற்பதற்கு வரம்பைவிட இந்தப் பங்கீடே பெரிய காரணம்.

பணம் கோப்பையை வாங்கித் தந்துவிடுகிறதா? கோடிகளைக் கொட்டிய நியூயார்க் மெட்ஸ் 2023இலும் 2025இலும் பிளேஆஃபுக்கே வரவில்லை. ஆனால் டாட்ஜர்ஸ் 2013 முதல் ஒரு பிளேஆஃபையும் தவறவிட்டதில்லை. பிளேஆஃப் நடக்கும் அக்டோபரின் குறுகிய தொடர்களில் அதிர்ஷ்டம் புகுந்து விளையாடலாம். 162 ஆட்டம் நீளும் பருவத்தில் பணத்தின் பலம் தெரிந்தே தீரும்.

மறுபக்கம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸ் 2025இல் சராசரியாக ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.97 ரன்தான் கொடுத்தார். சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாங்கினார். அவர் கணக்கில் வெற்றி 10, தோல்வியும் 10. ரன் அடிக்க ஆள் இல்லாத அணி அது. லீக்கின் ஒப்பற்ற பந்துவீச்சாளருக்கு அந்த ஆண்டுச் சம்பளம் 8,75,000 டாலர். பணக்கார அணிகளிடமிருந்து வரும் வருவாய்ப் பங்கு பிட்ஸ்பர்குக்கும் கிடைக்கிறது. ஆனால் சம்பளத்துக்கு இவ்வளவாவது செலவழித்தே ஆகவேண்டும் என்ற கீழ்வரம்பு கிடையாது. டாட்ஜர்ஸின் கையைக் கட்டிப்போட்டால் ஸ்கீன்ஸுக்குத் துணையாக ஒரு நல்ல மட்டையாளர் வந்துவிடுவாரா? மிச்சமாகும் பணம் உரிமையாளர்களிடமே தங்கும்.

1994ஐ மறக்க முடியாது. உரிமையாளர்கள் வரம்பை வலியுறுத்த, வீரர்கள் ஆகஸ்ட் 12இல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். உலகத் தொடரே ரத்தானது. அப்போது 74 வெற்றி, 40 தோல்வி என்று முதலிடத்தில் இருந்தது மாண்ட்ரியல் எக்ஸ்போஸ், சிக்கனமாக நடந்த அணி. அடுத்த வசந்தத்தில் லாரி வாக்கர், மார்க்கீஸ் கிரிசம் உட்பட முக்கிய வீரர்கள் நால்வரை இழந்தது. பிறகு அது பழைய உயரத்தைத் தொடவே இல்லை. 2004 பருவத்தோடு வாஷிங்டனுக்குப் போய்விட்டது. சிறிய அணிகளின் பேரால் நடந்த சண்டையில் மிகப் பெரிய இழப்பு ஒரு சிறிய அணிக்கு.

வரம்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. உள்ளூர் ஒளிபரப்புப் பணத்தில் பெரும்பகுதி பொதுவுக்கு வரட்டும், கண்டிப்பான கீழ்வரம்பு வரட்டும். மேல்வரம்பைப் பிறகு பேசலாம். அதுவும் மொத்த வருவாயில் வீரர்களுக்கு இத்தனை விழுக்காடு என்ற உறுதியோடு. பெரும்பாலான உரிமையாளர்கள் வரவுசெலவுக் கணக்கை வெளியே காட்டுவதில்லை. காட்டாதவரை வீரர் சங்கம் இதற்கு ஒப்பாது, ஒப்பவும் கூடாது.