மூன்று ரிம், ஒரு தராசு

சுங்கை பினாங்கில் நான் வழக்கமாகப் போகும் டயர் கடை. சிமெண்டுத் தரையில் டயர் மாட்டாத பதினேழு அங்குல ரிம்கள் மூன்று கிடந்தன. ஒன்று என் டொயோட்டா 86 காருடன் தொழிற்சாலையிலிருந்தே வந்தது. இரண்டாவது, ரேய்ஸ் டிஇ37-இன் வடிவத்தில் வார்த்த ரெப்ளிகா. மூன்றாவது என்கெய் ஆர்பிஎஃப்1, ஒரிஜினல்.

கடைக்கார அண்ணன் ஒவ்வொன்றாகத் தூக்கித் தராசில் வைத்தார். ஏழு அங்குல அகலமுள்ள தொழிற்சாலை ரிம் ஒன்பதரை கிலோ. எட்டு அங்குல அகலமுள்ள ஆர்பிஎஃப்1, 7.2 கிலோ. அதே அகலமுள்ள ரெப்ளிகா 10.3 கிலோ.

"ஆறு காலும் அப்படியே டிஇ37 மாதிரிதான் தம்பி இருக்கு. எடை மட்டும் வரல" என்றார் அண்ணன்.

டிஇ37-ஐ ரேய்ஸ் 1996-இல் வெளியிட்டது. பெயரில் உள்ள 37, பதினைந்து அங்குல ரிம் ஒன்றின் எடையான 3.7 கிலோவைக் குறிக்கிறது. அலுமினியக் கட்டியைப் பெரும் அழுத்தத்தில் நசுக்கி உருவாக்கும் ஃபோர்ஜிங் முறைதான் அதைச் சாத்தியமாக்கியது. நசுக்கும்போது உலோகத்தின் உள்ளமைப்பு இறுகுகிறது. மெல்லிய காலும் பாரம் தாங்குகிறது. ரெப்ளிகா உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றிச் செய்வது. அதே மெல்லிய காலை வார்ப்பில் கொண்டுவந்தால் வலு போதாது. அதனால் காலுக்குப் பின்புறம் உலோகத்தைக் கூட்டுகிறார்கள். ரிம்மைத் திருப்பிப் போட்டு விரலால் தடவினாலே அந்தத் தடிப்பு தெரியும். கூட்டாமல் எடையையும் நகலெடுத்த வார்ப்பு ரிம் கிடைத்தால் அதுதான் இன்னும் ஆபத்து.

என்கெய்யின் வழி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. முகப்பை வார்த்த பிறகு, டயர் உட்காரும் உருளைப் பகுதியைச் சூடாக்கிச் சுழற்றி, உருளைகளால் அழுத்தி நீட்டுகிறார்கள். ஃப்ளோ ஃபார்மிங் என்று சொல்வது இதைத்தான். என்கெய் இதற்கு வைத்திருக்கும் பெயர் எம்ஏடி. அந்தப் பகுதி மெலிகிறது, கூடவே உறுதியும் ஏறுகிறது. ஃபோர்ஜ்டு ரிம்மைவிட விலையும் கணிசமாகக் குறைவு.

215/45 ஆர்17 அளவில் ஒரே டயர்களை மாற்றி மாற்றிப் போட்டு ரெப்ளிகா, ஆர்பிஎஃப்1 இரண்டு செட்டையும் ஓட்டினேன். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ரெப்ளிகாவைவிட ஆர்பிஎஃப்1 பன்னிரண்டு கிலோவுக்கு மேல் குறைவு. சுழலும் பொருள் என்பதால், ரிம் விளிம்பில் உள்ள ஒரு கிலோ வேகமெடுக்கும்போது கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோவாகக் கனக்கும். அப்படிக் கணக்கிட்டாலும் சுமார் 1,250 கிலோ காரில் இது ஒன்றரை சதவீதம்தான். எடை குறைந்த ரிம் போட்டால் கார் பறக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வித்தியாசம் தெரிந்தது வேறு இடத்தில். பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு ஏறும் ஜாலான் துன் சார்டோன் வளைவுகளில், ஒட்டுப்போட்ட தார் மேல் ரெப்ளிகா ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங்கில் ஒரு குத்து குத்தியது. ஆர்பிஎஃப்1 போட்டதும் அதே இடத்தில் சக்கரம் மேடேறி உடனே சாலையைப் பிடித்துக்கொண்டது. ஸ்பிரிங்குக்குக் கீழே எடை குறைந்தால் ஷாக் அப்சார்பருக்கு வேலை சுலபம். கார் என் கைக்கு இன்னும் நெருக்கமாக வந்தது போலிருந்தது.

ரெப்ளிகாவைக் கழற்ற எனக்குக் காரணம் தந்தது ஒரு மழை இரவு. தண்ணீர் தேங்கிய சாலையில் மறைந்திருந்த குழியில் முன் இடது சக்கரம் இறங்கியது. வெளியே கீறல்கூட இல்லை. ஆனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை காற்று இறங்கியது. அண்ணன் டயரைக் கழற்றி, உட்புறம் சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து காற்று அடித்தார். முடியளவு மெல்லிய கோடு ஒன்றின் மேல் சின்னக் குமிழிகள் வரிசையாக எழுந்தன. நல்ல ஃபோர்ஜ்டு ரிம் அப்படிப்பட்ட அடியில் பெரும்பாலும் வளையும். வளைந்ததை உடனே உணரலாம். வார்ப்பு ரிம் சத்தமில்லாமல் விரிசல் விடக்கூடும். கனமழையும் கடல் ஏற்றமும் ஒன்றுசேர்ந்தால் சாலை மூழ்கிவிடும் ஊரில் இது சின்ன விஷயமல்ல.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை சில. ஜேடபிள்யூஎல் முத்திரை, ரிம் ஜப்பானியத் தரப்படி வளைவு, சுமை, மோதல் சோதனைகளைத் தாண்டியது என்று தயாரிப்பாளரே சொல்வது. விஐஏ முத்திரை வெளி அமைப்பின் பதிவு. இரண்டையும் அச்சிலேயே போலியாகப் பொறிக்க முடியும். எனவே முத்திரையோடு எடையையும், விற்பவரின் பில்லையும் சேர்த்துப் பாருங்கள். 86-க்கு பிசிடி, அதாவது போல்ட் துளைகளின் அமைப்பு, 5x100, நடுத் துளை 56.1 மில்லிமீட்டர். ஆர்பிஎஃப்1 உட்படப் பல ரிம்களின் துளை இதைவிடப் பெரியது. அந்த இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் தேவை; பிளாஸ்டிக்கைவிட அலுமினிய ஹப் ரிங் பிரேக் சூட்டைத் தாங்கும். டயர் மட்கார்டைத் தாண்டித் துருத்தாதபடி ஆஃப்செட் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் சம்மன் வரக்கூடும். நட்டுகளை டார்க் ரெஞ்சால் 120 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

பழைய கார்ப் பாகங்கள் விற்கும் ஹாஃப் கட் கடைகளில் ஜப்பானிலிருந்து வந்த பழைய ஒரிஜினல் ரிம்கள் கிடைக்கின்றன. நல்ல வழிதான். ஆனால் பேலன்சிங் இயந்திரத்தில் சுற்றவிட்டு, உள் விளிம்பு ஆடுகிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வெல்டிங் தழும்போ புதுப் பெயிண்டோ உள்ளே தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

என் தீர்ப்பு: கையில் பணம் இருந்தால் ஃபோர்ஜ்டு ஒரிஜினல். நம்மில் பலருக்குப் பொருந்துவது ஆர்பிஎஃப்1 போன்ற ஃப்ளோ ஃபார்ம் ஒரிஜினல். நான் அதையே வைத்துக்கொண்டேன். அதற்கும் பணம் போதாதென்றால் தொழிற்சாலை ரிம்மிலேயே ஓட்டுங்கள், காசு சேரும்வரை. அது இந்த ரெப்ளிகாவைவிட எண்ணூறு கிராம் குறைவு. அந்தக் காருக்கென்றே சோதித்துச் செய்தது. விரிசல் விட்ட ரிம்மை யாருக்கும் விற்கவேண்டாம் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் கிரைண்டரை எடுத்து அதன் ஒரு காலை அறுத்துவிட்டு, பழைய இரும்புக் குவியலில் போட்டார்.