கற்றல் பாணியும் சிந்தனைத் திறனும்: கணிதச் சிக்கல் தீர்த்தல் ஆய்வுகள் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

கணிதச் சிக்கல்களைத் தீர்ப்பதில் மாணவர்களிடையே காணப்படும் வேறுபாட்டைச் சிந்தனைத் திறன், கற்றல் பாணி என்னும் இரண்டையும் இணைகாரணிகளாகக் கொண்டு விளக்கும் போக்கு கல்வியியல் ஆய்வுகளில் வேரூன்றியுள்ளது. இவ்விரண்டின் சான்று வலிமையும் ஒரே தரத்தது அன்று என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கற்றல் பாணி: சான்றின் நிலை

காட்சி, செவி, வாசிப்பு, செயல் எனக் கற்போரைப் பகுக்கும் ஃபிளெமிங், மில்ஸ் ஆகியோரின் மாதிரி 1992இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1984இல், டேவிட் கோல்ப் அனுபவவழிக் கற்றலை அடிப்படையாகக் கொண்டு வேறொரு பகுப்பை விரித்துரைத்தார். 2004இல் காஃபீல்டும் அவர்தம் குழுவினரும் இத்தகைய மாதிரிகள் 71 இருப்பதை இனங்கண்டனர். எனவே ஓர் ஆய்வில் ‘கற்றல் பாணி’ எனப்படுவது மற்றோர் ஆய்வில் அதே பொருளைத் தருவதில்லை.

பாணிக்கேற்பக் கற்பித்தால் கற்றல் மேம்படும் என்னும் கருதுகோளை 2008இல் பாஷ்லர் குழுவினர் மதிப்பிட்டனர். ஒரு பாணியினருக்குச் சிறந்த முறை மற்றொரு பாணியினருக்குச் சிறந்ததாக இராமை, சமவாய்ப்பு முறையில் அமைந்த சோதனையால் காட்டப்பட வேண்டும் என்பது அவர்களின் அளவுகோல். போதிய சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. வினாப்படிவம் மாணவர் தாமே கூறும் விருப்பத்தை அளக்கிறது. அதற்கும் கணித மதிப்பெண்ணிற்கும் இடையிலான ஒட்டுறவு எவ்வளவு உயர்ந்திருப்பினும் இவ்வளவுகோலை நிறைவு செய்யாது.

சிந்தனைத் திறன்: அளத்தலில் உள்ள இடர்

சிக்கலைப் புரிந்துகொள்ளல், திட்டமிடல், செயற்படுத்தல், மீள்நோக்கல் என்னும் நான்கு படிநிலைகளை ஜார்ஜ் போலியா 1945இல் வகுத்தார். இவற்றுள் இறுதிப் படியின் இன்றியமையாமையை அமெரிக்கத் தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீட்டில், 1980களின் தொடக்கத்தில், 13 வயதினருக்குத் தரப்பட்ட ஒரு கணக்கு உணர்த்துகிறது. ஒரு பேருந்தில் 36 வீரர் செல்லலாம். 1128 வீரருக்கு எத்தனை பேருந்துகள் தேவை? வகுத்தலைச் சரியாகச் செய்தோர் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர். 32 எனச் சரியான விடை தந்தோரோ 23 விழுக்காட்டினரே. பலர் ‘31, மீதி 12’ என்றே எழுதினர். இங்குக் குறைந்தது வகுத்தல் அறிவன்று. விடையைச் சூழலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சிந்தனையே. ஆலன் ஷோன்ஃபெல்ட் 1985இல், கணித அறிவு, உத்திகள் ஆகியவற்றோடு தற்கண்காணிப்பையும் நம்பிக்கைகளையும் சேர்த்து வலியுறுத்தியது இங்கு நினைக்கத்தக்கது.

எனினும் சிந்தனைத் திறன் ஆய்வுகளும் குறையற்றவை அல்ல. சிந்தனைத் தேர்வின் வினாக்களே கணிதச் சிக்கல்களை ஒத்திருப்பின், அங்குக் கிடைக்கும் உயர் ஒட்டுறவு ஒரே திறனை இருமுறை அளந்ததன் விளைவாக இருக்கலாம். மாணவர் எண்ணுவதை வாய்விட்டுக் கூறச் செய்தலும், அவர்தம் வழிமுறைத் தாள்களைப் பகுத்தாய்தலும் இக்குறையைப் பெருமளவு குறைக்கும்.

முடிவுரை

கற்றல் பாணியை மறுப்பது படங்களையும் செய்முறைகளையும் மறுப்பதாகாது. வடிவியல் கணக்கிற்குப் படம் வேண்டப்படுவது அக்கணக்கின் இயல்பால். மாணவரின் பாணியால் அன்று. ‘செவிவழிக் கற்போர்’ என முத்திரை குத்தப்பட்ட மாணவரிடம் படம் வரையும் பயிற்சி குறைக்கப்படுமாயின், உதவியாகக் கருதப்பட்டதே தடையாகிவிடும். ஆகவே, மாணவரை வகைப்படுத்துவதினும் அவர் கணக்கின் எப்படிநிலையில் தடைப்படுகிறார் எனக் கண்டறிவதே இனிவரும் ஆய்வுகளுக்கும் வகுப்பறைக்கும் பயன் தரும்.